பெயரைக் கொடுத்து படம் எடுத்தால் டீபக்கில் வருகிறது, ரிலீசில் வெறும் இடம். ஏன்?

கரையோரப்பாதை:

வணக்கம். கொட்லினில் ஒரு சின்ன அன்ட்ரொய்ட் செயலி செய்துகொண்டிருக்கிறேன், கொழும்பின் கரையோர ரயில் பாதைக்கு. கோட்டையில் தொடங்கி கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று தெற்கே போகும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படமும் மூன்று மொழியில் பெயரும் செயலிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சேவரிலிருந்து வருவது ஜேசன் தரவு மட்டும்: எந்த ரயில், எத்தனை மணிக்கு, அப்புறம் அந்த நிலையத்துக்கு எந்தப் படம், எந்த ஸ்ட்ரிங் என்ற விவரம். வெள்ளவத்தை என்றால் "ஸ்டேஷன்_வெல்லவத்தே" என்று முழுப் பெயரும் ஜேசனிலேயே வரும்.

அதை அப்படியே ரிசோர்சஸ்.கெட்ஐடென்டிபையர்(பெயர், "ட்ரோவபிள்", பக்கேஜ்நேம்) என்று (பெயருக்கு ஐடி எண் தரும் அழைப்பு, ட்ரோவபிள் என்றால் படம்) கொடுத்து, வருகிற எண்ணை, படம் காட்டும் இமேஜ்வியூவின் செட்இமேஜ்ரிசோர்சுக்கு அனுப்புகிறேன். டீபக் பில்டில் (நாங்களே சோதிக்கும் பதிப்பு) எல்லாப் படமும் வருகிறது. ரிலீஸ் பில்டில் (வெளியிடும் பதிப்பு) கோட்டைக்கு மட்டும் வருகிறது, மற்ற எல்லா நிலையத்துக்கும் வெறும் இடம். கிரஷ் இல்லை, லொக்கில் சிவப்பாக ஒன்றும் இல்லை. இதைவிட விளங்காதது, நிலையத்தின் பெயரையும் இதே முறையில்தான் எடுக்கிறேன், "ட்ரோவபிள்" இருக்கிற இடத்தில் "ஸ்ட்ரிங்", அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெயர்கள் ரிலீசிலும் ஒழுங்காக வருகின்றன.

ஐடி 0 ஆக வருகிறதோ என்றும் பார்த்தேன். இல்லை, 0எக்ஸ்7எப் என்று தொடங்கும் வழக்கமான எண்தான். அப்படியென்றால் படம் உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? புரொஜெக்ட் கொஞ்சம் பழையது, கிரேடில் பிளகின் (செயலியைக் கட்டும் கருவி) இன்னும் 7இல் நிற்கிறது. மினிபையும் (கோடைச் சுருக்குவது) ஷ்ரிங்க்ரிசோர்சசும் (பாவிக்காத படம் போன்றவற்றை எடுத்துவிடுவது) ரிலீசுக்கு ஒன் ஆக இருக்கின்றன. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?


பிளேன்டீ:

ஷ்ரிங்க்ரிசோர்சசை ஒப் பண்ணிவிட்டு ஒருக்கால் ரிலீஸ் எடுத்துப் பாருங்கள்.


கரையோரப்பாதை:

எடுத்துப் பார்த்தேன், எல்லாப் படமும் வந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே ஒப்பில் விட முடியாது. நாங்கள் இழுத்து வைத்திருக்கும் லைப்ரரிகளோடு ஏபிகே (போனில் இன்ஸ்டோல் ஆகும் பைல்) நன்றாகப் பெருத்துவிடுகிறது, இந்தச் செயலியைப் பாவிக்கப்போகிறவர்களில் நிறையப் பேர் 32 ஜீபி போனில் வாட்ஸ்அப் வீடியோக்களை அழித்து அழித்து இடம் பிடிக்கிற ஆட்கள்.


நள்ளிரவு_பில்ட்:

கோட்டைக்கு மட்டும் படம் வருவதுதான் நல்ல துப்பு. உங்கள் கோடில் எங்கேயோ "ஸ்டேஷன்_போர்ட்" என்று கையால் எழுதியிருக்கிறீர்கள், சரியா? செயலியை முதன்முதலாகத் திறக்கும்போது காட்டும் நிலையம், அல்லது ஜேசன் வந்து சேராவிட்டால் போடும் நிலையம், அப்படி ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

ஷ்ரிங்கர் என்ன செய்கிறது என்றால், பில்ட் நேரத்தில் எந்தெந்த ரிசோர்ஸ் பாவனையில் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடும். ரிசோர்ஸ் எண்களை வைத்திருக்கும் ஆர் கிளாசைக் குறிப்பிட்டு ஆர்.ட்ரோவபிள்.இன்னது என்று கோடில் இருந்தால் அது உறுதி. லேயவுட் எக்ஸ்எம்எல்லில் இருந்தால் அதுவும் உறுதி. ஆனால் கோடில் கெட்ஐடென்டிபையர் என்ற அழைப்பைக் கண்டால் அதற்குக் கொஞ்சம் பயம் பிடித்துவிடும், பெயரை வைத்து எதையும் கேட்கலாமே என்று. அதனால் கோடில் உள்ள ஸ்ட்ரிங் மாறிலிகளை எல்லாம் தேடி, ஏதாவது ஒரு ரிசோர்சின் பெயரோடு பொருந்தினால் அதையும் பாவனையில் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளும். இதுதான் இயல்பான நிலை, சேஃப் மோட் என்பார்கள். உங்கள் கோடில் "ஸ்டேஷன்_போர்ட்" இருந்தபடியால் கோட்டை தப்பியது. வெள்ளவத்தையின் பெயர் சேவரில் இருக்கிறது, பில்ட் ஓடுகிற லப்டொப்பில் இல்லை. ஷ்ரிங்கருக்கு அது தெரிய வழியே கிடையாது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சேவர் "வெல்லவத்தே" என்று மட்டும் அனுப்பி, நீங்கள் கோடில் "ஸ்டேஷன்_" என்ற முன்னொட்டை ஒட்டியிருந்தால் இந்தப் பிரச்சினை உங்கள் கண்ணில் பட்டே இருக்காது. முன்னொட்டு மாறிலியாகக் கோடில் இருக்கும், ஷ்ரிங்கர் அதைப் பார்த்து அந்த முன்னொட்டில் தொடங்கும் எல்லாவற்றையும் விட்டுவைக்கும். இணையத்தில் "எனக்கு வேலை செய்கிறதே" என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் தெரியாமலே இப்படித் தப்பியவர்கள்.

ஐடி 0 இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய ஷ்ரிங்கர் பைலைத் துடைத்து எறிவதில்லை. அட்டவணையில் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும், பைலின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு குட்டிப் பொய்ப் படத்தை வைத்துவிடும். ஒரு புள்ளி அளவு பிஎன்ஜி. நீங்கள் கேட்டதும் அட்டவணை "இருக்கிறது, இந்தா எண்" என்கிறது, இமேஜ்வியூவும் அந்தப் புள்ளியை வரைந்துவிட்டுச் சும்மா இருக்கிறது. கிரஷ் எங்கிருந்து வரும்? பெயர்கள் ஒழுங்காக வருவதற்கும் காரணம் அதேதான்: வெல்யூஸ் போல்டரில் உள்ள ஸ்ட்ரிங், நிறம், அளவு போன்றவற்றைப் பழைய ஷ்ரிங்கர் தொடாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பில்ட் போல்டருக்குள் அவுட்புட்ஸ், மெப்பிங், ரிலீஸ் என்று போனால் ரிசோர்சஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரு பைல் இருக்கும், எதை வைத்துக்கொண்டது, எதை எடுத்தது, யார் யாரைக் குறிப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் அனலைஸ் ஏபிகே வழியாகவும் பார்க்கலாம், ஆனால் ரெஸ் போல்டரைத் திறந்து பைல் பெயரைத் தேடாதீர்கள். ரிலீசில் பைல் பாதைகளை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கிவிடுவது உண்டு, ஒன்றும் பிடிபடாது. ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சியைத் திறந்து, ட்ரோவபிள் வரிசையில் பெயரைப் பிடித்து, அது எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பைலின் அளவைப் பாருங்கள். சில பத்து பைட்டுகள்தான் இருக்கும்.

அவசரத்துக்கு வழி: ரெஸ் போல்டருக்குள் ரோ போல்டரில் கீப்.எக்ஸ்எம்எல் என்று ஒரு பைல் வைத்து, அதிலே ரிசோர்சஸ் டக்கில் டூல்ஸ்:கீப் என்பதற்கு "@ட்ரோவபிள்/ஸ்டேஷன்_*" என்று கொடுங்கள். நட்சத்திரக் குறி வேலை செய்யும். அந்தப் பைல் பில்டுக்கான குறிப்பு மட்டும்தான், ஏபிகேக்குள் போகாது. இன்றைக்கு இரவே ரிலீஸ் போட வேண்டும் என்றால் இது போதும்.

இதோடு நிற்கலாமா என்றால், எனக்கு அதில் திருப்தி இல்லை. பிறகு வந்து எழுதுகிறேன், ஒபிஸ் வான் வந்துவிட்டது.


கரையோரப்பாதை:

அண்ணா, சொன்ன மாதிரியே "ஸ்டேஷன்_போர்ட்" கோடில் இருக்கிறது! லொகேஷன் அனுமதி கிடைக்காவிட்டால் கோட்டையைக் காட்டு என்று போட்டிருக்கிறேன். கீப்.எக்ஸ்எம்எல் வைத்ததும் எல்லாப் படமும் வந்துவிட்டது. மிக்க நன்றி. மிச்சத்தையும் எழுதுங்கள்.


ஜாவாக்காரன்:

கெட்ஐடென்டிபையர் மெதுவானது என்று அன்ட்ரொய்ட் ஆவணத்திலேயே எழுதி இருக்கிறது, இப்போது கோடைச் சரிபார்க்கும் லின்ட்டும் மஞ்சள் கோடு போடுகிறது. அதற்குப் பதிலாக ரிப்ளெக்ஷனை (ஓடும்போது கிளாசுக்குள் பெயரால் தேடுவது) பாவிக்கலாமே. ஆர்.ட்ரோவபிள் என்பது ஒரு கிளாஸ்தான், அதில் கெட்பீல்ட்(பெயர்) என்று கேட்டு கெட்இன்ட் எடுத்தால் எண் கிடைத்துவிடும். பக்கேஜ் பெயரும் தேவையில்லை, கொன்டெக்ஸ்டும் தேவையில்லை. நாங்கள் பல வருஷமாக இப்படித்தான் செய்கிறோம்.


நள்ளிரவு_பில்ட்:

கரையோரப்பாதை: அண்ணா இல்லை, அக்கா.

ஜாவாக்காரன்: பல வருஷத்துக்கு முன்னர் சரி. இப்போது மினிபை ஒன்னில் இருந்தால், கோடைச் சுருக்கும் ஆர்8, ஆர்.ட்ரோவபிள்.எக்ஸ் என்ற இடத்தில் எல்லாம் எண்ணையே நேரடியாகப் பதித்துவிட்டு, யாரும் தேடாத ஆர் கிளாசின் பீல்டுகளைத் தூக்கிவிடும். ரிலீசில் நோசச்பீல்ட் எக்செப்ஷன்தான் மிஞ்சும். கீப் ரூல் எழுதி அவற்றைக் காப்பாற்றலாம், ஆனால் காப்பாற்றினாலும் படத்தைத் தூக்கும் ஷ்ரிங்கருக்கு ரிப்ளெக்ஷனும் தெரியாது, ஆக அவருடைய பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு பிளகின் 8இலிருந்து ஒவ்வொரு மொடியூலின் ஆர் கிளாசிலும் அந்த மொடியூலின் ரிசோர்ஸ் மட்டும்தான் இயல்பாக இருக்கும். படங்கள் வேறு மொடியூலில் இருந்தால் எந்த ஆர் என்று தேடுவதே தனி வேலை.

கெட்ஐடென்டிபையர் மெதுவானது என்பது உண்மைதான். எண்ணைக் கொடுத்தால் நேராகப் போய் எடுக்கும், பெயரைக் கொடுத்தால் பெயர்ப் பட்டியலில் தேட வேண்டும். ஒரு திரையில் ஒரு தடவை கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. பட்டியல் காட்டும் ரீசைக்கிளர்வியூவில் ஒவ்வொரு வரிக்கும் ஓடும் ஒன்பைண்டுக்குள் வைத்து, மலிவான போனில் பட்டியலை வேகமாக இழுத்தால் தெரியும்.

சரி, காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். உங்கள் செயலியில் பெயரை வைத்துத் தேட வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா? படங்கள் ஏபிகேக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சேவர் நாளைக்கு ஒரு புதுப் பெயரை அனுப்பினால் அதற்குரிய படம் போனில் இருக்கப் போவதில்லை, நீங்கள் அப்டேட் போட்டால்தான் வரும். அப்படியென்றால் பெயர் மட்டும் சுதந்திரமாக வெளியிலிருந்து வருவதில் என்ன லாபம்? பார்க்க நெகிழ்வாகத் தெரியும், ஆனால் அதனால் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: கம்பைலர் பிடித்திருக்க வேண்டிய பிழையை ரயில் நிலையத்தில் நிற்கிற ஆள் பிடிக்கிறார்.

அதனால் நான் என்றால் ஒரு மெப் எழுதுவேன். இடது பக்கம் நிலையத்தின் குறியீடு, வலது பக்கம் ஆர்.ட்ரோவபிள்.ஸ்டேஷன்_வெல்லவத்தே, ஆர்.ஸ்ட்ரிங்.ஸ்டேஷன்_வெல்லவத்தே. அவ்வளவுதான். ஷ்ரிங்கருக்கு எல்லாம் தெரியும், கீப் பைல் வேண்டாம், யாராவது படத்தின் பெயரை மாற்றினால் பில்டே நின்றுவிடும், ஸ்டூடியோவில் ரீநேம் செய்தால் தானாகவே மாறும். குறியீடு மெப்பில் இல்லையென்றால் பொதுப்படம் ஒன்றைப் போட்டு, அந்தக் குறியீட்டை லொக் பண்ணுங்கள். சேவர் படத்தின் பெயரை அனுப்பவே தேவையில்லை, அது எந்த நிலையம் என்று சொன்னால் போதும். எந்தப் படம் என்பது போனின் பாடு. நாளைக்கு ஐபோனுக்கும் செய்தால் அங்கே பைல் பெயர்கள் வேறாக இருக்கும், ஜேசனில் அன்ட்ரொய்டின் ட்ரோவபிள் பெயர் எதற்கு?


மூலை_மேசை:

அக்கா சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் கோட்டையிலிருந்து மாத்தறை போய் பெலியத்தை வரைக்கும் எண்ணிப் பாருங்கள், இடையில் உள்ள குட்டி நிலையங்களோடு. அத்தனையையும் கையால் மெப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் ஒரு வரி, பெயர் ஒரு வரி. எழுதுகிறவன் கொப்பி பேஸ்ட் செய்யும்போது அம்பலாங்கொடைக்கு ஹிக்கடுவை படத்தைப் போட்டுவிட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. பெயரை வைத்துத் தேடினால் அந்தப் பிழை வரவே வராது, பெயரும் படமும் ஒன்றுதானே. கீப்.எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி, கெட்ஐடென்டிபையரைச் சுற்றி ஒரு சின்ன பங்ஷன், உள்ளே ஒரு ஹேஷ்மெப்பில் கண்டுபிடித்த எண்ணை வைத்துக்கொள்ளுதல், 0 வந்தால் பொதுப்படம். பத்து வரியில் முடிந்த வேலை.

என்னுடைய அனுபவத்தில் வேறு ஒரு இடத்தில்தான் அடி விழும்: மூன்றாவது ஆர்கியூமென்ட். சிலர் அதில் பக்கேஜ் பெயரைக் கையால் எழுதி வைப்பார்கள். பிறகு டீபக்குக்கு அப்ளிகேஷன்ஐடிசபிக்ஸ் என்று ".டெவ்" சேர்ப்பார்கள், அன்றைக்கே எல்லாம் 0. கொன்டெக்ஸ்டின் பக்கேஜ்நேமைக் கொடுங்கள். அதிலும் சந்தேகம் என்றால் ரிசோர்சஸ்.கெட்ரிசோர்ஸ்பக்கேஜ்நேமுக்கு உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஐடியை, ஆர்.ஸ்ட்ரிங்.அப்_நேம் மாதிரி ஒன்றை, கொடுத்துக் கேளுங்கள். அட்டவணையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே தரும்.


நள்ளிரவு_பில்ட்:

மூலை_மேசை, அம்பலாங்கொடை ஹிக்கடுவை உதாரணம் நியாயமானது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "பெயரும் படமும் ஒன்றுதானே" என்பதில்தான் சிக்கல். யாருடைய பெயர்? கொம்பனித்தெரு நிலையத்துக்கு ஸ்லேவ் ஐலண்ட் என்று ஒருவர் எழுதுவார், கொம்பஞ்ஞவீதிய என்று இன்னொருவர். வெல்லவத்தேயா வெல்லவத்தாவா என்பதே ஒபிசில் இரண்டு மேசைக்கு இரண்டு விதம். மவுண்ட் லவினியாவை சேவர் பக்கத்து ஆள் பெரிய எழுத்தும் ஹைபனுமாக அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் ரிசோர்ஸ் பெயரில் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டும்தான் செல்லும். பெயரை வைத்துத் தேடுகிற எல்லா முறையிலும் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அதை யாரும் சோதிப்பதில்லை. மெப் என்றால் அந்த ஒப்பந்தம் ஒரே பைலில் கண்ணுக்குத் தெரியும்.

எழுதுவதுதான் பாரம் என்றால் கையால் எழுதாதீர்கள். ட்ரோவபிள் போல்டரை வாசித்து மெப் பைலை உருவாக்கும் ஒரு கிரேடில் டாஸ்க் சின்ன வேலை. பல தளங்களுக்கு ஒரே கோடில் திரை எழுதும் கொம்போஸ் மல்டிபிளட்போர்மில் இதைத் தாங்களே செய்து தந்துவிட்டார்கள், ரெஸ்.ஓல்ட்ரோவபிள்ரிசோர்சஸ் என்று பெயரிலிருந்து படத்துக்கு ஒரு மெப் தானாக உருவாகிறது.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு டெஸ்ட் வேண்டும்: சேவரின் மாதிரி ஜேசனை எடுத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் படம் கிடைக்கிறதா, அந்தப் படத்தின் அகலம் ஒரு புள்ளியைவிடப் பெரிதா என்று பார்க்கிற டெஸ்ட். ஒன்றைக் கவனியுங்கள், போனிலேயே ஓடும் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெஸ்ட் இயல்பாக டீபக் பில்டில்தான் ஓடும். அங்கே ஷ்ரிங்கர் இல்லை, ஆகவே எப்போதும் பச்சைதான். டெஸ்ட்பில்ட்டைப் என்பதற்கு "ரிலீஸ்" கொடுத்து ஓட்டினால்தான் இந்த மாதிரிப் பிழை அகப்படும்.


அலையோசை:

நான் அன்ட்ரொய்ட் நேட்டிவ் செய்வதில்லை, ஆனால் மற்ற இடங்களிலும் இதே கதைதான் என்பதற்காக எழுதுகிறேன். ரியக்ட் நேட்டிவில் ரிக்வயர் என்பதற்குள் மாறியைப் போட்டால் பண்டில் கட்டும் கருவியான மெட்ரோ ஏற்காது, பண்டில் கட்டும்போதே பாதை முழுதாகத் தெரிய வேண்டும். அங்கே எல்லோரும் வேறு வழியில்லாமல் அக்கா சொன்ன மாதிரி ஒரு மெப் ஒப்ஜெக்ட் எழுதுகிறோம், எழுதி யாரும் செத்ததில்லை. பிளட்டரில் எதிர்ப்பக்கம்: பப்ஸ்பெக் என்ற அமைப்புப் பைலில் போல்டரைச் சொல்லிவிட்டால் அதில் உள்ளதெல்லாம் உள்ளே போகும், பாவிக்கிறீர்களா இல்லையா என்று பார்க்காது, பெயரை ஓடும்போது கட்டிக்கொள்ளலாம். ஆனால் உள்போல்டர்கள் அதில் சேராது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஓஎஸ்ஸில் யூஐஇமேஜ்(நேம்ட்:) பெயர் பிழைத்தால் நில் (ஒன்றுமில்லை) தரும், ஸ்விப்டில் அது ஒப்ஷனல் என்பதால் குறைந்தபட்சம் கேட்டுத்தான் தொலைக்க வேண்டும். ஸ்ட்ரிங் பக்கம் அதுவும் இல்லை, மொழிபெயர்ப்புக் கிடைக்காவிட்டால் நீங்கள் கொடுத்த கீயையே திரும்பத் தந்துவிடும், திரையில் ஸ்டேஷன் அடிக்கோடு இன்னது என்று பல் இளிக்கும்.


கரையோரப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. மெப் பக்கம்தான் சாய்கிறேன். கரையோரப் பாதையில் 2019இல் மாத்தறையிலிருந்து பெலியத்தை வரைக்கும் நீட்டியதுபோல எப்போதாவதுதானே புது நிலையம் வரும்.

இதற்கிடையில் இன்னொன்று கிளம்பியிருக்கிறது, இதுவும் பெயர்த் தேடலோடு சம்பந்தப்பட்டதா தெரியவில்லை. பிளே ஸ்டோரின் இன்டேர்னல் டெஸ்டிங்கில் போட்டுப் பார்த்தோம். என்னுடைய போன் ஆங்கிலத்தில் இருக்கிறது, செயலிக்குள் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் நிலையப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. கேபிள் போட்டு ஸ்டூடியோவிலிருந்து இன்ஸ்டோல் செய்தால் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஐடி இரண்டிலும் 0 இல்லை. கீப்.எக்ஸ்எம்எல்லில் ஸ்ட்ரிங்கையும் சேர்த்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை.


மூலை_மேசை:

இதில் ஷ்ரிங்கரையும் கெட்ஐடென்டிபையரையும் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் பிளேக்கு ஏஏபி (எல்லாம் அடங்கிய தொகுப்புப் பைல்) அனுப்புகிறீர்கள், பிளே அதை மொழிவாரியாகப் பிரித்து, போனில் எந்த மொழி இருக்கிறதோ அதற்குரிய துண்டை மட்டும் இறக்குகிறது. உங்கள் போனில் ஆங்கிலம் மட்டும், ஆகவே வெல்யூஸ்-டிஏ (தமிழ் ஸ்ட்ரிங்குகளின் போல்டர்) போனுக்கு வந்தே சேரவில்லை. ஐடி எல்லா மொழிக்கும் ஒன்றுதான், மொழி பார்ப்பது கெட்ஸ்ட்ரிங் கூப்பிடும் நேரத்தில். தமிழ் இல்லையென்றால் சத்தம் போடாமல் வெல்யூசில் உள்ளதை எடுத்துவிடும். கேபிளில் போடும்போது எல்லா மொழியும் சேர்ந்து வருவதால் அங்கே தெரியாது.

கிரேடிலில் பண்டில் என்ற பகுதிக்குள் லங்குவேஜ், அதற்குள் ஈனேபிள்ஸ்பிளிட் = பால்ஸ். மூன்று மொழி ஸ்ட்ரிங்குக்கு ஆகும் இடம் ஒரு படத்தின் அளவுகூட வராது, ஆகையால் யோசிக்க வேண்டாம். கொழும்பில் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு செயலியை மட்டும் தமிழிலோ சிங்களத்திலோ பார்க்கிறவர்களும் உண்டு, நம் ஊருக்குச் செய்கிற எந்தச் செயலிக்கும் இதை முதலிலேயே போட்டுவிடுவது என் வழக்கம்.

ஒன்று மட்டும்: வெல்யூஸ் போல்டரில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். வெல்யூஸ்-டிஏயில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், ஐடி கிடைக்கும், கெட்ஸ்ட்ரிங் மட்டும் ஆங்கிலப் போனில் நொட்பவுண்ட் எக்செப்ஷனோடு விழும்.


கரையோரப்பாதை:

ஈனேபிள்ஸ்பிளிட்டைப் பால்ஸ் ஆக்கி மறுபடி ஏற்றினேன், தமிழும் சிங்களமும் வருகின்றன. மெப்பையும் எழுதிவிட்டேன், கையால் இல்லை, ட்ரோவபிள் போல்டரை வாசித்து எழுதுகிற டாஸ்க்தான். சேவர் பக்கத்தில் படப் பெயரை எடுத்துவிட்டு நிலையக் குறியீடு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் மாற்றும் வரைக்கும் பழைய பெயரிலிருந்து "ஸ்டேஷன்_" என்பதை வெட்டி மெப்பில் தேடுகிறேன். இனி பிளகினை 8க்கு ஏற்றலாம் என்று இருக்கிறேன்.


நள்ளிரவு_பில்ட்:

பிளகினை ஏற்றுவதற்கு முன்னர் புரொஜெக்ட் முழுக்க கெட்ஐடென்டிபையர் என்று ஒரு தேடல் போடுங்கள், வேறு எங்கேயாவது ஒளிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். புதிய ஷ்ரிங்கர் பொய்ப் படம் வைக்காது, அட்டவணையிலிருந்தே பெயரை எடுத்துவிடும், ஸ்ட்ரிங்குகளையும் விட்டுவைக்காது. செட்இமேஜ்ரிசோர்ஸ் 0ஐ வாங்கிப் பேசாமல் இருக்கும், ஆனால் கெட்ஸ்ட்ரிங்(0) கிரஷ் ஆகும். கொம்போஸ் திரை ஏதாவது இருந்தால் பெயின்டர்ரிசோர்ஸ்(0)உம் அப்படித்தான். ஜாவா பைல்கள் மிச்சம் இருந்தால் சுவிட்ச் கேசில் ஆர்.ஐடி போட்ட இடங்களும் 8இல் கம்பைல் ஆகாது, அவற்றை இப்-எல்ஸ் ஆக்க வேண்டிவரும்.


கரையோரப்பாதை:

தேடினேன். அறிவிப்பு ஒலி எடுக்கிற இடத்தில் ஒன்று இருக்கிறது, "ரோ" டைப்பில். அதையும் மெப்புக்கு மாற்றிவிட்டு ஏற்றுகிறேன். நன்றி அக்கா.